முப்பது நாளில் ஒரு முகவரி

கோவையிலிருந்து பொள்ளாச்சிக்கு வரும் சாலையில் ஈச்சனாரி பிள்ளையார் கோயிலைத் தாண்டியதும் கல்லூரிகள் தொடங்கிவிடும். மலுமிச்சம்பட்டி, ஒத்தக்கால்மண்டபம் என்று கிணத்துக்கடவு நெருங்கும்வரை இரண்டு பக்கமும் கல்லூரிப் பலகைகள்தான். அந்தச் சாலையோரத்தில் ஒரு வங்கிக் கிளையில் பல ஆண்டுகள் அதிகாரியாக இருந்தேன். வீடு பொள்ளாச்சி மகாலிங்கபுரத்தில். தினமும் பஸ்தான். பொள்ளாச்சி–போத்தனூர் ரயில் பாதையை அகலப்பாதையாக்க அப்போது ரயிலை நிறுத்தியிருந்தார்கள். மறுபடி ரயில் ஓடியது 2017-இல்தான், என் வேலைக்காலம் முடியப்போகிற நேரத்தில்.

ஜூலை, ஆகஸ்ட் வந்தால் கவுண்ட்டருக்கு முன்னால் புது முகங்கள் நிற்கும். கென்யா, தான்சானியா, ருவாண்டா, சோமாலியா, சூடான், நைஜீரியா, ஆப்கானிஸ்தான், பூட்டான். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அதற்குள் பாஸ்போர்ட், கல்லூரியின் சேர்க்கைக் கடிதம், வீட்டில் எண்ணி எண்ணிக் கொடுத்தனுப்பிய டாலர். கொஞ்சம் பேர் இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். உதவித்தொகையில் வந்தவர்கள். மற்றவர்களுக்கெல்லாம் பணம் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். அவர்கள் பேசும் ஆங்கிலம் எங்கள் காசாளருக்குப் பிடிபடாது, எங்கள் ஆங்கிலம் அவர்களுக்குப் பிடிபடாது. இரண்டு பக்கமும் சேர்ந்து புரிந்துகொண்ட ஒரே சொல் ‘அக்கவுண்ட்’.

அந்தப் பிள்ளைகள் மாட்டிக்கொண்ட சுழலைச் சொல்கிறேன். வங்கிக் கணக்குத் தொடங்க உள்ளூர் முகவரி வேண்டும். முகவரிக்கு விடுதிக் கடிதம் வேண்டும். கட்டணம் கட்டினால்தான் விடுதியில் இடம். கட்டணத்தை டிமாண்ட் டிராஃப்டாகக் கொண்டுவரச் சொல்வார்கள். 50,000 ரூபாயோ அதற்கு மேலோ ஒரு டிராஃப்டை ரொக்கம் கொடுத்து எடுக்க முடியாது, கணக்கிலிருந்துதான் எடுக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்படியானால் முதலில் கணக்கு வேண்டும். இதற்கிடையில், 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர்கள் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். அங்கேயும் முகவரிதான் கேட்பார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை, இறங்கி நாலு நாள்கூட ஆகாமல், சட்டைப்பையில் டாலரை வைத்துக்கொண்டு இந்த நான்கு வாசல்களுக்கும் மாறி மாறி நடக்கும்.

ரிசர்வ் வங்கி இதைக் கவனிக்காமல் இல்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கென்று தனியாக ஒரு வழி செய்தது. விசா முத்திரையோடு பாஸ்போர்ட், ஒரு புகைப்படம், கல்லூரியின் சேர்க்கைக் கடிதம், இவை போதும். இவற்றை வைத்து, இந்தியாவில் நிரந்தரமாக வசிக்காதவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்கைத் தொடங்கிவிடலாம். உள்ளூர் முகவரியை 30 நாளுக்குள் கொடுத்தால் போதும். முகவரி சரிபார்க்கப்படும்வரை வெளிநாட்டிலிருந்து 1,000 டாலருக்கு மேல் வரவு வைக்கக்கூடாது, 50,000 ரூபாய் என்ற உச்சவரம்பும் உண்டு. அவ்வளவுதான் நிபந்தனை. நல்ல விதி. ஆனால் அது கிளையில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தாலும் துணிந்து செய்ய மனம் வேண்டும். வங்கி தன் விருப்பப்படி தொடங்கலாம் என்றுதான் விதி சொல்கிறதே தவிர, தொடங்கியே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் தொழிலின் பயம் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. தவறாகத் தொடங்கிய கணக்குக்கு விசாரணை வரும், மெமோ வரும், ஓய்வூதியம்வரை துரத்தும். தொடங்க மறுத்த கணக்குக்கு எந்த விசாரணையும் கிடையாது. அதனால் ‘அட்ரஸ் புரூஃப் கொண்டு வாங்க’ என்பது எந்தக் கிளையிலும் வாயில் தானாக வரும் பதில். அந்த விதி வந்த சுற்றறிக்கையின் பத்தியை அச்செடுத்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். யார் கேட்டாலும் விரல் வைத்துக் காட்டலாம். மேலாளர்கள் மாறினார்கள், அந்தத் தாள் மட்டும் இடம் மாறவில்லை.

என் அப்பா பொள்ளாச்சியில் ஒரு தேங்காய் மண்டியில் கணக்கு எழுதியவர். லட்சக்கணக்கில் மற்றவர் பணத்தை எழுதிய மனிதர் தனக்கென்று முதல் சேமிப்புக் கணக்குத் தொடங்கப் போனபோது, அறிமுகக் கையெழுத்து வேண்டுமென்றார்கள். ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று கையெழுத்துப் போடவேண்டிய காலம் அது. மண்டி முதலாளி போட்டார். அந்த வழக்கத்தை ரிசர்வ் வங்கி பிறகு எடுத்துவிட்டது, அதன் இடத்தில் ஆவணங்கள் வந்தன. நியாயமான மாற்றம்தான். தெரிந்தவர் இல்லாத ஏழைக்கு வங்கிக் கதவு திறந்ததே அதனால்தான். ஆனாலும் கவுண்ட்டருக்கு முன்னால் கைகட்டி நிற்கும் புது ஆளுக்கு, ‘இவன் நம்ம ஆள்’ என்று சொல்ல உள்ளே ஒருவர் இருந்தால் வேலை நடக்கிறது, இல்லாவிட்டால் நடப்பதில்லை. முப்பது வருஷம் உள்ளே உட்கார்ந்து பார்த்து இதைச் சொல்கிறேன்.

பெயர் ஒரு பெரிய பாடு. சோமாலியர்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், மூன்றும் வரிசையாக வரும். பூட்டானிலும் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் இல்லை. எங்கள் கணினியோ குடும்பப்பெயர் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது. வடநாட்டிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஓர் அதிகாரிக்கு இந்தப் பெயர்கள் சந்தேகத்தையே கிளப்பின. “பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, சான்றிதழில் ஒரு மாதிரி, யார் இவன்?” என்பார். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு திரிகிற ஊரில் பிறந்தவள் நான். தாத்தா பெயரைக் கடைசிக் கட்டத்தில் போட்டு, எல்லாத் தாளிலும் அதே வரிசையில் எழுதவைத்தால் சரியாகிவிடும். அப்படித்தான் செய்தோம். ஒரு தாளில் வரிசை மாறினாலும் ஊரிலிருந்து வரும் பணம் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பிப் போய்விடும். போகும்போதும் கட்டணம், வரும்போதும் கட்டணம்.

பணம் வரும் வழியையும் சொல்லியாக வேண்டும். நைரோபியில் ஒரு தாய் 500 டாலர் கட்டி அனுப்புவார். அது நேராக ஈச்சனாரிக்கு வராது. இடையில் ஒன்றிரண்டு வங்கிகள் இருக்கும், ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கடைசியில் கல்லூரிக் கட்டணத்துக்கு இருபது முப்பது டாலர் துண்டு விழும். அந்த இரண்டாயிரம் ரூபாய்க்காகத் தேர்வுச் சீட்டை நிறுத்திவைத்ததைப் பார்த்திருக்கிறேன். அனுப்புகிறவர் விண்ணப்பத்தில், கட்டணம் முழுவதும் என்னைச் சேர்ந்தது என்ற தேர்வைக் குறித்தால் பெரும்பாலும் தொகை முழுசாக வந்து சேரும். ஒரே ஒரு கட்டத்தில் ஒரு குறி. இதை அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல வழியில் யாருமே இருந்ததில்லை. சூடான் பிள்ளைகளின் நிலை இதைவிட மோசம். அவர்கள் நாட்டின் மேல் அமெரிக்கா போட்டிருந்த பொருளாதாரத் தடை 2017 அக்டோபரில்தான் நீங்கியது. அதுவரை டாலர் எந்த வங்கி வழியாகவும் ஒழுங்காக வராது. ஊரிலிருந்து யாராவது விமானம் ஏறி வந்தால் அவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். கட்டணக் கெடுவைத் தள்ளிவைக்கக் கல்லூரி அலுவலகத்தோடு பேசியது நிறைய அவர்களுக்காகத்தான். தடைக்கும் இந்தப் பையன் படிக்கும் பி.பார்முக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டபோது, தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவரிடமும் பதில் இல்லை. கெடுவை மட்டும் நீட்டித்துக் கொடுத்தார்.

வட்டி விஷயம் வேறு மாதிரி. என்.ஆர்.ஓ. கணக்கில் வரும் வட்டிக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம் வரிப்பிடித்தம், அதன் மேல் செஸ். நூறு ரூபாய் வட்டி வந்தால் 31 ரூபாய்க்கு மேல் போய்விடும். ருவாண்டாப் பெண் ஒருத்தி பாஸ்புக்கைக் கொண்டுவந்து, “மேடம், யாரோ என் கணக்கிலிருந்து திருடுகிறார்கள்” என்றாள். உட்காரவைத்து விளக்கினேன். விண்ணப்பித்தால் வெளிநாட்டு மாணவருக்கும் பான் அட்டை கிடைக்கும், கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்ததைத் திரும்பப் பெறலாம் என்றேன். தொகை சின்னது என்று விட்டுவிடுவாள் என நினைத்தேன். அவள் விடவில்லை, பான் வாங்கி, தாக்கல் செய்து, வாங்கிவிட்டாள். சோமாலியப் பிள்ளைகள் சிலருக்கு நேர்மாறான கவலை. வட்டியே வேண்டாம் என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். மென்பொருளுக்கு அது புரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானாக வரவு வைத்துவிடும். அந்தத் தொகையைக் கணக்குப் பார்த்து எடுத்து உண்டியலில் போட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்ன பையனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அவனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஹர்கீசா பக்கத்தவன், கணினி படித்தான். கல்லூரிக்கு விடுமுறை விட்ட ஒரு வியாழக்கிழமை அவனும் நண்பர்களும் ஆழியாறு பார்க்கப் பொள்ளாச்சி வந்தார்கள். நானும் விடுப்பு எடுத்திருந்தேன். வியாழன் என்றால் எங்கள் ஊரில் மாட்டுச்சந்தை. என் சித்தப்பா அங்கே தரகு பார்த்தவர். அணைக்குப் போகிற வழியில் சந்தையையும் பார்க்கட்டுமே என்று கூட்டிப்போனேன். கேரளத்துக்குப் போக லாரிகள் நின்றுகொண்டிருந்தன. ஒரு ஜோடிக் காளைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். எப்போதும்போல வாய் பேசவில்லை. விற்கிறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருந்தன. விரலைப் பிடித்தால் எண்ணிக்கை. அது நூறா, ஆயிரமா, பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். சுற்றி நிற்கிற யாருக்கும் விலை தெரியாது. மற்ற பையன்கள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். இவன் மட்டும் அசையாமல் நின்று அந்தத் துண்டையே பார்த்தான். பிறகு சொன்னான்: “எங்கள் ஊர் ஒட்டகச் சந்தையிலும் இப்படியேதான். என் தாத்தா இந்த வேலைதான் செய்தார்.”

நான் சித்தப்பாவிடம் சொன்னதும் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்தார். இரண்டு பேரும் துண்டுக்கடியில் கையைக் கோத்துக்கொண்டார்கள். எந்த விரலுக்கு எத்தனை என்பதில் முதலில் ஒத்துவரவில்லை. அவர்கள் பிடிக்கும் முறை கொஞ்சம் வேறு. ஐந்து நிமிஷத்தில் பழகிவிட்டது. எதிரே நின்ற ஒரு கன்றுக்கு அவன் விரலிலேயே ஒரு விலை சொன்னான். சித்தப்பா வாயைப் பிளந்தார். “அம்மிணி, இவன் சொல்ற வெலை சரியான வெலையுங்க! இவனுக்கு நாம சொல்லிக் குடுக்க என்ன இருக்குது?”

சித்தப்பா சிரித்துக்கொண்டு சொன்னதை நான் மறக்கவில்லை. வங்கிக்கு வரும் பிள்ளைகளிடம் அதற்குப் பிறகு முதல் கேள்வியாக, “உங்கள் ஊரில் பணம் எப்படிக் கை மாறும்?” என்று கேட்பது எனக்கு வழக்கமானது. அவர்களுக்குப் பணம் தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான் நாம் படிவத்தை நீட்டுகிறோம். அவர்களுக்கு நன்றாகத் தெரியும், வேறொரு ஏற்பாட்டைத் தெரியும். கென்யாவில் 2007 மார்ச்சிலேயே சஃபாரிகாம் நிறுவனம் எம்-பெசாவைத் தொடங்கிவிட்டது. வங்கியே இல்லாத கிராமத்தில் பெட்டிக்கடைக்காரர் கையில் ரொக்கத்தைக் கொடுத்தால் கைப்பேசியில் பணம் ஏறிவிடும், சாதாரண பொத்தான் கைப்பேசியிலேயே அனுப்பலாம். அப்படி வளர்ந்த பெண்ணுக்கு எங்கள் நெஃப்ட் படிவத்தைக் கொடுத்து, பெறுபவர் பெயர், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. எல்லாவற்றையும் எழுதச் சொன்னபோது, “இவ்வளவு எழுதி யாருக்கு வேண்டும்?” என்று கேட்டாள். நம் நாட்டில் யு.பி.ஐ. வந்தது 2016-இல். அவளுக்கு முன்கூட்டியே தெரிந்த விஷயம் நமக்கு ஒன்பது வருஷம் கழித்து வந்தது. அது வந்தபோது அவளைப் போன்றவர்களுக்குத்தான் சிக்கல். செயலி வேண்டுமானால் கணக்கோடு இணைந்த இந்திய எண் வேண்டியிருந்தது. வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் எண்ணின் செல்லுபடி விசாவோடு கட்டப்பட்டது. விசா நீட்டிப்புத் தாமதமானால் எண் போகும், எண் போனால் செயலியும் போகும். டீக்கடையில் எல்லாரும் ஸ்கேன் செய்துகொண்டிருக்க, இவர்கள் மட்டும் சில்லறை தேடுவார்கள்.

எது தெரியும் என்று கேட்டுவிட்டால் எது தெரியாது என்பதும் சீக்கிரம் பிடிபடும். காசோலையைப் பார்த்தறியாத பிள்ளைகள் நிறைய. நம் லட்சக் கணக்கு அவர்களைக் குழப்பும். 1,50,000 என்று காற்புள்ளி வைத்து எழுதியதைப் பார்த்து, இது பதினைந்தாயிரமா என்று கேட்பார்கள். குறைந்தபட்ச இருப்பு என்றால் என்ன, அது குறைந்தால் ஏன் அபராதம் என்பது பலருக்குக் கடைசிவரை ஏற்புடையதாகவே இல்லை. எனக்கும் அதில் அவர்கள் பக்கம்தான். பணம் இல்லாதவனிடம் பணம் இல்லை என்பதற்காகப் பணம் பிடிக்கிற ஏற்பாடு அது.

2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். 9-ஆம் தேதி வங்கிகள் மூடியிருந்தன. 10-ஆம் தேதி காலை நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது கிளைக்கு முன்னால் வரிசை சாலைவரை வந்துவிட்டிருந்தது. உள்ளூர்க்காரர்கள் எப்படியோ ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் அன்றைக்குப் பட்ட பாடு எழுதப்படவே இல்லை. வெளியில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருந்தவர்கள் டாலரை மாற்றி ஆறு மாதச் செலவை 500, 1,000 நோட்டாகப் பெட்டியில் வைத்திருந்தார்கள். செய்தி கேட்டு வந்தவர்களுக்கு முதலில் ஒரு ஆளுக்கு 4,000 ரூபாய்தான் மாற்றிக் கொடுக்க முடிந்தது. அடையாள அட்டை நகலோடு ஒரு சீட்டும் நிரப்பித் தரவேண்டும். பாஸ்போர்ட் அந்த அடையாளப் பட்டியலில் இருந்தது. ஆனால் அது வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியாது, காவலுக்கு நின்றவருக்கும் தெரியாது. ஆதார் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு, பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சீட்டு நிரப்பிக் கொடுக்க ஓர் ஆளை உட்காரவைத்தோம். கணக்கில் முழுத் தொகையையும் கட்டச் சொன்னோம். கணக்கே இல்லாதவர்களுக்கு அந்த வாரமே கணக்குத் தொடங்கினோம். 30 நாள் விதி அன்றைக்குப் பயன்பட்டதுபோல எப்போதும் பயன்பட்டதில்லை.

அந்த வாரங்களில் அவர்கள் சாப்பிட்டது எப்படி என்று கேட்டபோதுதான் இன்னொன்று தெரிந்தது. கல்லூரி வாசலில் மெஸ் நடத்திய அம்மா நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டு சோறு போட்டிருக்கிறார். அந்த நோட்டை ஒருநாள் பார்த்தேன். பெயர் வாயில் நுழையாததால், ‘கென்யா தம்பி’, ‘உசரப் பாப்பா’, ‘கண்ணாடி போட்ட சூடான்’ என்று தலைப்புப் போட்டு, கீழே சாப்பாடு, முட்டை, டீ என்று தேதிவாரியாக எழுதியிருந்தார். அந்தப் பையன்களுக்கு இது அதிசயம். ஒரு கையெழுத்து இல்லை, பாஸ்போர்ட் நகல் இல்லை, எப்படிக் கடன் கொடுக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார்கள். “நாளைக்கும் பசிக்குமுங்க, இங்கதான வரோணும்” என்றார் அந்த அம்மா. டிசம்பர் கடைசியில் எல்லாரும் கணக்கைத் தீர்த்துவிட்டதாகச் சொன்னார். எங்கள் கிளையின் வாராக்கடன் பட்டியலை வைத்துப் பார்த்தால், கடன் மதிப்பீட்டை அந்த அம்மாவிடம் நாங்கள் கற்றிருக்கலாம்.

வருவதற்குச் சொல்லிக்கொடுக்கவாவது யாராவது இருப்பார்கள். போவதற்குச் சொல்லிக்கொடுக்க யாருமே இல்லை. படிப்பு முடிந்து விமானம் ஏறும் முந்தின நாள் ஏ.டி.எம்.மில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கணக்கு அப்படியே கிடக்கும். படிப்பை முடித்த வெளிநாட்டு மாணவர் தன் கணக்கில் மிச்சமிருப்பதை ஊருக்கு அனுப்ப அந்நியச் செலாவணி விதியிலேயே இடம் இருக்கிறது. அதைக் கேட்டு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. கிளம்பும் பிள்ளைகளைத் தேடி ஆட்கள் வருவார்கள். ஏ.டி.எம். அட்டை, சிம், பாஸ்புக் மூன்றையும் கொடுத்தால் சில ஆயிரம் ரூபாய் தருவதாகச் சொல்வார்கள். மோசடிப் பணம் போய்வர அவர்களுக்கு யாருடையதாவது ஒரு கணக்கு வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு அது குற்றம் என்றே தெரியாது, போகிற நேரத்தில் கிடைத்த லாபம் என்று நினைப்பார்கள். பின்னால் மேற்படிப்புக்கோ வேலைக்கோ விசா கேட்டு வரும்போது வழக்கு காத்திருக்கும். இதனால் இறுதியாண்டு மாணவர்களுக்கு மார்ச் மாதத்தில் கல்லூரிக்கே போய்ப் பேசத் தொடங்கினேன். கணக்கை மூடிவிட்டு மூடிய கடிதத்தை வாங்கிக்கொள், அட்டையை என் கண் முன்னால் வெட்டு, சிம்மை ஒப்படை. இந்த மூன்றையும் நான் திட்டுவதுபோலத்தான் சொல்வேன். வந்த முதல் நாள் காட்டும் பரிவைவிடப் போகிற நாளில் காட்டும் கண்டிப்பு அவர்களுக்கு அதிகம் உதவியது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகும் தொலைபேசி நின்றபாடில்லை. 2021 ஆகஸ்ட் 15-இல் காபூல் வீழ்ந்தது. அங்கே வங்கிகள் மூடின, திறந்தபோது வாரத்துக்கு 200 டாலர்தான் எடுக்கலாம் என்றார்கள். கோவையில் முதுகலை படித்துக்கொண்டிருந்த ஓர் ஆப்கன் மாணவரின் அப்பாவுக்கு வங்கியில் பணம் இருந்தது, மகனுக்கு அனுப்ப வழி இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் உதவித்தொகையை எந்தக் கணக்கில் வரவு வைக்கிறார்கள் என்று பார்த்து அதைச் செயல்பாட்டில் வைத்திருப்பது, முகவரியைப் புதுப்பிப்பது, விசா நீட்டிப்பு நகலைக் கிளையில் சேர்ப்பது. அதைத்தான் செய்தோம். கணக்கு முடங்காமல் இருந்ததால் வாடகை கட்ட முடிந்தது. பெரிய உதவியில்லை. அந்த மாதத்தில் அவருக்கு நிலையாக இருந்தது அது ஒன்றுதான்.

இப்போது காற்று எதிர்ப்பக்கமும் அடிக்கிறது. பொள்ளாச்சித் தோப்புக்கார வீட்டுப் பிள்ளைகள் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் கிளம்புகிறார்கள். ரூகோஸ் வெள்ளை ஈ இந்தியாவிலேயே முதலில் பதிவானது 2016-இல் எங்கள் பொள்ளாச்சிப் பகுதியில்தான். அதற்குப் பின்னால் வாடல் நோய். தென்னையை மட்டும் நம்பிப் பிள்ளையை உட்காரவைக்க முடியாது என்று அப்பன்மார் முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு ஜெர்மனியில் இடம் கிடைத்தது. கடன் கேட்டுப் போன அவள் அப்பா கோபமாகத் திரும்பி வந்தார். “ஏனுங்கக்கா, பத்து ஏக்கர் தோப்பு வெச்சிருக்கறனுங்க. பட்டா இருக்குது, வில்லங்கம் இல்லீங்க. வேண்டாங்கறாங்க. இந்தச் சின்ன வீட்டுப் பத்திரத்தைக் கேக்கறாங்க!” அவருக்கு அவமானமாக இருந்தது. காரணத்தைச் சொன்னேன். கடன் திரும்ப வராவிட்டால் நீதிமன்றம் போகாமல் சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம் அதிகாரம் கொடுக்கிறது, விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. உழவனின் நிலத்தைக் காக்க வைத்த விலக்கு அது. அதனாலேயே கல்விக் கடனுக்கு அந்த நிலத்தைப் பல வங்கிகள் ஏற்பதில்லை. தோப்பின் மதிப்பில் யாரும் குறை சொல்லவில்லை என்று புரிந்த பிறகுதான் வீட்டுப் பத்திரத்தை எடுத்தார்.

2025-இல் அவள் கிளம்பியபோது ஜெர்மன் விசாவுக்கு முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட்டுக் காட்டவேண்டியிருந்தது. மாதம் 992 யூரோதான் வெளியே வரும், அதுவும் அங்கே தொடங்கும் நடப்புக் கணக்கு வழியாக. கல்விக் கடனிலிருந்து அனுப்பும் தொகைக்கான டி.சி.எஸ். என்ற வரிப்பிடித்தம் அந்த ஏப்ரலில் நீங்கியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. இறங்கிய மறுவாரம் தொலைபேசியில் அழுதாள். “பெரியம்மா, முகவரியைப் பதியாமக் கணக்குத் தர மாட்டேங்கறாங்க. பதியறதுக்கு வீட்டுக்காரர் கடுதாசி வேணுமாம். மூணு மாச வாடகையை முன்பணமாக் கட்டினாத்தான் வீடு. அந்தப் பணம் முடக்கக் கணக்குல இருக்குது, கணக்கு இருந்தாத்தான் வெளிய வரும்.” குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதியவேண்டும் என்பது அங்கே சட்டம். 14 நாள். எத்தனை பிள்ளைகள் இதே வாக்கியங்களை வேறு நாட்டு ஆங்கிலத்தில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்! பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்துக்குப் போ, வளாகத்துக்குப் பக்கத்தில் மாணவர்களுக்குக் கணக்குத் தொடங்கிப் பழகிய வங்கிக் கிளை எது என்று கேள், தனியாகப் போகாதே, போன வருஷம் வந்த யாரையாவது கூட்டிக்கொண்டு போ என்றேன். உடுமலைப்பேட்டைப் பையன் ஒருவன் கூடப் போனான். பாஸ்போர்ட் மட்டும் கேட்டுக் கணக்குத் தொடங்கும் வங்கி ஒன்று இருப்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஈச்சனாரி சாலையில் இன்றைக்கு நான் வேலை பார்த்த காலத்தைவிடக் கிளைகள் அதிகம். மத்திய அரசின் ‘ஸ்டடி இன் இந்தியா’ திட்டம் 2018-இல் வந்த பிறகு வெளிநாட்டுப் பிள்ளைகளை அழைக்கும் விளம்பரங்களும் அதிகம். அழைக்கிறவர்கள் ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் கல்லூரிக்குள்ளேயே ஒரு மேசை போட்டு, வங்கி ஆள் ஒருவர், பதிவு அலுவலக வேலை தெரிந்தவர் ஒருவர், மூன்றாம் ஆண்டு படிக்கும் அதே நாட்டு மாணவர் ஒருவர் என்று மூன்று பேரை உட்காரவைக்கலாம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், பணமும் பெரிதாக வேண்டாம். கேட்கும் இடத்திலெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இரண்டு கல்லூரிகள் செய்கின்றன.

ஹர்கீசாப் பையன் ஊரில் கைப்பேசிப் பணப் பரிமாற்ற வேலையில்தான் இருக்கிறான். அவன் தம்பிக்குக் கோவையில் இடம் கிடைத்திருப்பதாக எழுதி, என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டான். சேர்க்கைக் கடிதத்தின் அசல், பாஸ்போர்ட் நகல்கள், ஊர் முகவரிக்கு ஒரு சான்று, புகைப்படங்கள், முதல் மாதச் செலவுக்குப் போதுமான டாலர், 5,000 டாலருக்கு மேல் நோட்டாகக் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் தெரிவிக்கவேண்டும் என்று எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. தம்பியின் பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் இருக்கிறதாம், சேர்க்கைக் கடிதத்தில் விட்டுப்போயிருக்கிறதாம். இப்போதே கல்லூரிக்கு எழுதச் சொல், பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி மூன்று பெயரும் போட்டுப் புதுக் கடிதம் வாங்கிய பிறகுதான் டிக்கெட் எடுக்கவேண்டும் என்று பதில் போட்டிருக்கிறேன்.